கோரமண்டல்காரங்க கடலுக்குப் போன கதை

எங்க ஊர் கேஜிஎஃப்ல கோரமண்டல்ன்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. பங்காருப்பேட்டையில இருந்து மாரிகுப்பம் ரயில்ல போனவங்களுக்குத் தெரியும். சோழமண்டலக் கரைங்கற பேர் வெள்ளைக்காரன் வாயில மாட்டி கோரமண்டல் ஆச்சு. கடல் பார்க்கணும்னா எங்க ஊர்ல இருந்து சென்னை வரைக்கும் போகணும், 200 கிலோமீட்டருக்கு மேல. கடலே இல்லாத ஊருக்குக் கடற்கரைப் பேர்!

அங்க ஒரே ஸ்கூல்ல படிச்ச நாலு பேர் இப்ப ஆஸ்திரேலியாவுல இருக்கோம். 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடினாங்க. அதுக்கப்புறம் ஊர்ல பாதிப் பேர் விடிகாலை ரயில் பிடிச்சு பெங்களூர் வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. நாங்க இன்னும் கொஞ்சம் தூரமா வந்துட்டோம், அவ்வளவுதான். நான் பி.காம் படிச்சதுக்கு பேங்க்ல உட்கார்ந்திருக்கேன். ஒருத்தன் ஏசி மெக்கானிக், ஒருத்தன் ஆஸ்பத்திரியில நர்ஸ். நாலாவது ஆள் சமையலறை மேடைக்குக் கல்லு வெட்டற வேலையில இருந்தவன்.

போன வருஷம் செப்டம்பர்ல விட்சண்டே தீவுகளுக்கு மூணு ராத்திரி பாய்மரப் படகு எடுத்துக்கிட்டுப் போனோம். குவீன்ஸ்லாந்து கரையோரம், ஏர்லி பீச்சுல இருந்து கிளம்பணும். மொத்தம் 74 தீவு. 1770-ல கேப்டன் குக் இந்த வழியாப் போன நாளை பெந்தகோஸ்தே ஞாயிறுன்னு நினைச்சு அந்தப் பேரை வெச்சார். உண்மையில அன்னிக்கு இங்க திங்கக்கிழமை. உலகத்தைச் சுத்தி வந்ததுல ஒரு நாள் கணக்கு இடிச்சுது, தேதிக்கோடெல்லாம் அப்ப ஏது! பேங்க்காரனுக்கு இந்த மாதிரி கணக்கு இடிக்கிற கதைன்னா ஒரு சந்தோஷம் :-)

லைசென்ஸ் இல்லாமலே படகைக் கையில குடுக்கறாங்க. பயப்படாதீங்க, சும்மா சாவியைத் தூக்கிக் குடுக்கறதில்ல. அரை நாள் பாடம் எடுக்கறாங்க. பாய் எப்படி ஏத்தணும், காத்து பலமானா எப்படிச் சுருக்கணும், நங்கூரச் சங்கிலி எவ்வளவு விடணும், எல்லாம் செஞ்சு காட்டி, நம்மளையும் செய்யச் சொல்றாங்க. காலையும் சாயங்காலமும் ரேடியோவுல ஆஜர் குடுக்கணும். பொழுது சாயறதுக்குள்ள நங்கூரம் போட்டுடணும். ராத்திரி ஓட்டவே கூடாது. ஓதம் மூணு மீட்டருக்கு மேல ஏறி இறங்கும், அதனால சாயங்காலம் ஆழமா இருந்த இடம் காலையில ஆழமா இருக்கும்னு நம்ப முடியாது.

மெக்கானிக்தான் கேப்டன். நர்ஸ் முதல் நாள் முழுக்க இஞ்சி மரப்பாவைச் சப்பிக்கிட்டே வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். சமையல் என் பொறுப்பு. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். படகு சாயும்போது தாளிக்கிறது ஒரு தனிக் கலைங்க.

ரெண்டாம் நாள் வைட்ஹேவன் பீச். ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு மாவு மாதிரி வெள்ளை மணல். வெயில்லயும் கால் சுடல. அதுல 98 சதவீதம் சிலிக்கா. நான் இதைப் பெருமையா வாசிச்சுக் காட்டினதும், கல்லு வெட்டறவன் ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்துட்டுச் சொன்னான்: "டேய், என் நெஞ்சுக்குள்ள இருக்கறதும் இதான்டா."

இந்தப் பயணத்துக்குக் காரணமே அவன்தான். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி சி.டி. ஸ்கேன் எடுத்தான். சிலிகோசிஸ், ஆரம்பக் கட்டம். வேலையை விட்டுட்டு இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டறான்.

ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன். பீச் மணல் ஒண்ணும் செய்யாது. அந்தத் துகள் பெருசு, நுரையீரல் ஆழம் வரைக்கும் போகாது. கல்லை வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்குதே, கண்ணுக்கே தெரியாத தூசு, அதுதான் உள்ள போய்த் தழும்பாக்கும். அந்தத் தழும்பு திரும்ப ஆறாது. செயற்கைக் கல்லுல 90 சதவீதத்துக்கு மேல கூட சிலிக்கா இருக்கும். கிரானைட்ல அதுல மூணுல ஒரு பங்குதான். அதனாலதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-ல இருந்து செயற்கைக் கல்லைத் தடை பண்ணிச்சு. உலகத்துலயே முதல் நாடு.

கேஜிஎஃப்காரங்களுக்கு இது புதுசில்ல. தங்கம் இருந்ததே வெள்ளைக் குவார்ட்ஸ் பாறைக்குள்ளதான். அதைத் துளைச்சா வர்ற தூசும் இதே சிலிக்காதான். மைசூர் சமஸ்தானம் 1940-லயே இந்த நோய்க்குன்னு நஷ்ட ஈட்டு விதி கொண்டு வந்துச்சு. மூணு கிலோமீட்டர் ஆழத்துல கிடைச்ச நோய் பிரிஸ்பேன்ல வெளிச்சமான ஒரு பட்டறையில கிடைக்கும்னு யார் நினைச்சா?

மூணாம் ராத்திரி ஹூக் தீவுல நாரா இன்லெட்ல நங்கூரம் போட்டோம். ஆயிரக்கணக்கான வருஷமா இந்தத் தீவுகள்ல வாழ்ந்த ஙாரோ மக்களோட குகை ஓவியம் அங்க இருக்கு. போன்ல சிக்னல் இல்ல. அவன் வாயைத் திறந்தான். அம்மாகிட்ட இன்னும் சொல்லலையாம். ஊர்ல தனியா இருக்காங்க, தாங்க மாட்டாங்கன்னு பயம். நர்ஸ்தான் சொன்னான்: "நம்ம லைன்ல ராத்திரி இருமல் சத்தம் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவங்கடா. நம்மளவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

மறுநாள் படகைத் திருப்பிக் குடுத்ததும் அவன் போன் போட்டான். ஸ்பீக்கர்ல எங்களுக்கும் கேட்டுது. அம்மா அழல. ரெண்டே கேள்வி கேட்டாங்க. "படுத்தா மூச்சு வருதா? படி ஏறினா வாங்குதா?" டாக்டர் முதல்ல கேட்டதும் இதே ரெண்டு கேள்விதான்னு அவன் அப்புறம் சொன்னான். "அந்த வேலைய விட்டுட்டல்ல, அது போதும். அடுத்த தடவை என்னையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னாங்க.

உங்க வீட்டுல, தெரிஞ்சவங்கள்ல யாராவது கல்லு, டைல்ஸ், கான்கிரீட் வெட்டற வேலையில இருந்திருந்தா, வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தாலும், டாக்டர்கிட்ட அதைச் சொல்லச் சொல்லுங்க. சாதா எக்ஸ்ரேல ஆரம்பக் கட்டம் தப்பிடலாம். ஸ்கேன் வேணுமான்னு வாய்விட்டுக் கேக்கச் சொல்லுங்க.

படகு விஷயமா ஏதாவது தெரியணும்னா தாராளமாக் கேளுங்க. நவம்பர்ல இருந்து மே வரைக்கும் விஷ ஜெல்லி மீன் காலம், குழந்தைங்களோட போறவங்க அதுக்கு முன்னாடி போறது நல்லது. மணலை பாட்டில்ல அடைச்சு எடுத்துட்டு வந்துடாதீங்க, தேசியப் பூங்கா, அனுமதி கிடையாது. அம்மாவுக்கு இப்ப விசா அப்ளை பண்ணியிருக்கான். வந்ததும் அஞ்சு பேரா மறுபடியும் போறோம்.