பந்தலுக்குக் கீழே

ஜூலை 3, மரைன் ஹில், அந்தமான்

மதினி போன் செய்தார். அண்ணன் மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்து வலது கால் முறிந்திருக்கிறது. பன்னீர் திராட்சை வெட்டுக்கு நிற்கிறதாம். சென்னைக்குக் கப்பல் என்றால் மூன்று நாள். விமான டிக்கெட் போட்டுவிட்டேன். இங்கே கடையில் கிடைப்பதெல்லாம் சீட்லெஸ்தான். பன்னீருக்குத் தோல் மெல்லிசு, கடல் தாண்டி வராது.

ஜூலை 5, காமயகவுண்டன்பட்டி

கல்தூண், கம்பி, மேலே கொடி. அண்ணாந்தே நின்று வெட்ட வேண்டும். "காம்பப் பிடிங்க, பழத்தத் தொடாதீங்க" என்றார் கூட வெட்டிய அக்கா. பழத்தின்மேல் மெல்லிய வெண்மாவு படிந்திருக்கிறது. விரல் பட்டால் கறுப்பாகத் தடம் விழும். அதைக் காட்டியே வியாபாரி விலையைக் குறைப்பாராம். வெடித்த பழத்தைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்த பிறகுதான் குலை பெட்டிக்குள் போகும். ஒன்றை விட்டாலும் சாறு ஒழுகி அடுக்கே கெடும்.

ஜூலை 6

கழுத்து திரும்பவில்லை.

ஜூலை 9

சாரல். பழம் வெடிக்கிறது. வியாபாரி போனை எடுக்கவில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்தான், அதற்கென்ன!

கவாத்து முடிந்த மேற்குத் தோட்டத்துக்கு மருந்து கலக்கச் சொல்லிக் கட்டிலில் இருந்தே அண்ணன் விரட்டினார். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. "தீட்டுன கத்திய முக்கிப் பாரு தாயி, செம்பு படிஞ்சா சுண்ணாம்பு பத்தல." பிரான்சின் போர்டோ பக்கம் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கப் பூசிய கலவை இது. பூசிய கொடிகளில் நோய் இல்லாததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885இல் மருந்தாக வெளியிட்டார். திருட்டுப் பயம் செய்த உபகாரம்.

ஜூலை 12

வெடித்ததையெல்லாம் வண்டியேற்றி வைன் ஆலைக்குக் கொண்டுபோனேன். கருவியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார்கள்: சர்க்கரை 15 சதவீதம். இருபது வேண்டுமாம். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் ஒரு சதவீதம் ஆல்கஹால். மழைத்தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? அடிமாட்டு விலைதான்.

ஆலையில் இன்றைக்கு ஆள் குறைவு. மேஸ்திரி என் கையில் துடுப்பைக் கொடுத்தார். தொட்டியில் தோலெல்லாம் மேலே மிதந்து தடித்துக் கிடக்கிறது. அமுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்து புளித்துவிடும். சாறு வெளிர்தான், நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது. "தலைய உள்ள நீட்டாதீங்கம்மா, கேஸ் ஆள அடிச்சிரும்." வெண்மாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காலில் மிதிபட்டதைக்கூட வாரிப் போட்டார்கள். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. முழங்கை வரை ஊதா.

ஜூலை 13

விரல்நகத்துக் கறைக்கு எலுமிச்சை தேய்த்தேன். போகவில்லை.

ஜூலை 17

"பந்தலப் பிரிச்சிட்டு வாழை வச்சிரலாமா தாயி?" என்றார் அண்ணன். ஊரைவிட்டுப் போனவளிடம் கேட்கிறாரே! என்ன தோன்றியதோ, கல்தூண் ஒன்று என்ன விலை போகும் என்று நான் பதிலுக்குக் கேட்டுவைத்தேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து நாலு பேருக்குப் போன் செய்து விசாரித்தோம். மதினி தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அலுவலகத்துக்கு லீவு நீட்டிப்பு இன்னும் எழுதவில்லை. மேற்குத் தோட்டத்துக்கு நாளை இரண்டாம் மருந்து.