கேஜின் முள்ளும் நம் நாவும்

 

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து நாம் ஒரு வார்த்தை பேசினோம். பேசுவதற்கு அரை நிமிடம்கூட ஆகியிராது. அதைத் திரும்பப் பெறுவதற்கோ நமக்குப் பல நாட்கள் ஆயின. நம்மைப் போல் வேறெவரும் இடறிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

நம் தமக்கையின் மகன் எட்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பி வந்தான். வந்தவன் 1997ஆம் ஆண்டின் மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கினான். கோவையில் உருவான ஃபார்முலா எல்.ஜி.பி. பந்தய வண்டிகளில் மாருதியின் 1300 சிசி என்ஜின் பயன்பட்டது என்பதைச் சிறுவயதில் எங்கோ படித்திருக்கிறான். அந்த நினைவு அவனை விடவில்லை. தன் வண்டியையும் வேகத்திற்கென்று திருத்தி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒருமுறையேனும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. பிறர்க்குத் தீங்கில்லாத ஆசை என்பதால் நாமும் தடுக்கவில்லை.

வேலையைத் தன் பள்ளித் தோழனிடமே ஒப்படைத்தான். அத்தம்பி திண்டிவனம் சாலையில் சிறியதொரு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். இந்து சமயத்தைச் சேர்ந்தவர். சிறு பிராயம் முதல் நம் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவர். தேசிங்கு ராஜனும் மகமத்கானும் உயிர்த் தோழர்களாய் வாழ்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இவ்விருவரையும் அப்பெயர்களாலேயே கேலி செய்தவர்கள் உண்டு.

என்ஜின் முழுவதும் பிரிக்கப்பட்டது. சிலிண்டர்கள் போர் செய்யப்பட்டு, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களும் புதிய ரிங்குகளும் போடப்பட்டன. வால்வுகள் தேய்த்து உட்கார வைக்கப்பட்டன. வேகத்திற்கென்று வெட்டப்பட்ட கேம் ஷாஃப்ட் ஒன்று கோவையிலிருந்து வந்தது. கூலியில் இருபதாயிரம் ரூபாய் மட்டும் பாக்கி இருந்தது.

வண்டி உயிர் பெற்றது, ஆனால் இழுக்கவில்லை. மருமகன் அதை அயலூரிலுள்ள பெரிய பட்டறை ஒன்றுக்குக் கொண்டு சென்றான். அங்கே கம்ப்ரஷன் பார்த்தார்கள். நான்கு சிலிண்டர்களிலும் 100 பிஎஸ்ஐ அளவில்தான் முள் நின்றது. “பழைய ரிங்கையே போட்டு மூடிவிட்டார்கள்” என்று அங்கிருந்த ஒருவர் சொன்னாராம். மருமகன் நேராக நம்மிடம் வந்து, “மாமா, கூடப் படித்தவனே ஏமாற்றிவிட்டான்” என்று கண் கலங்கினான்.

நாம் என்ன செய்திருக்க வேண்டும்? மதரஸாவில் ஆண்டுதோறும் சூரத்துல் ஹுஜுராத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர் நாம். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்று கட்டளையிடுவதும், பெரும்பாலான சந்தேகங்களைத் தவிர்க்கச் சொல்வதும் அந்த அத்தியாயமே. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஸகாத்தைத் தர மறுத்துவிட்டனர் என்று தவறான செய்தி வந்ததையும், விசாரித்தபோது அவர்கள் வரவேற்கவே காத்திருந்தது தெரிந்ததையும் விரிவுரைகளிலிருந்து எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஆயினும் அன்று, “பாக்கியைக் கொடுக்காதே” என்று மருமகனிடம் சொன்னோம். திண்ணையில் இருந்தவர்களிடம், “அந்த ஷெட்டில் வண்டி விடாதீர்கள், நாணயமில்லை” என்றோம். இரண்டே நாளில், அங்கே வேலைக்கு நின்றிருந்த இரு வண்டிகளை உரியவர்கள் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அத்தம்பி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே அழைத்தும் வரவில்லை. “பாய், திட்டுவதானால் திட்டுங்கள். ஆனால் ஒருமுறை உங்கள் எதிரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்” என்றார். கையிலிருந்த தகர டப்பாவைத் திறந்து காட்டினார். கழற்றிய பழைய ரிங்குகள் அனைத்தும் அதில் இருந்தன. நம் நா எழவில்லை.

மறுநாள் அஸருக்குப் பின் ஷெட்டில் கூடினோம். அன்று அத்தம்பி செய்ததை வரிசையாகச் சொல்கின்றோம். வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும்.

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று நெருக்கப்படும் அழுத்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் கேஜைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் முள் அந்த அளவைக் காட்டும். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் என்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை இருக்கும். அளவு குறைந்தால் எங்கோ இழப்பு இருக்கிறது என்று பொருள். எங்கே, எதனால் என்பதை முள் சொல்லாது.

“முதலில் அளந்த முறையை அளப்போம்” என்றார் அத்தம்பி. அயலூரில் எப்படிப் பார்த்தார்கள் என்று மருமகனைக் கேட்டார். என்ஜின் குளிர்ந்திருந்தது, ஒரு பிளக்கை மட்டும் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், ஆக்சிலரேட்டரை யாரும் மிதிக்கவில்லை, கடைசியில் பேட்டரியும் சோர்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டால் காற்று உள்ளே புகும் வழி ஏறக்குறைய மூடியே இருக்கும். புகாத காற்றை நெருக்குவது எப்படி? மற்றப் பிளக்குகள் இருந்தால் என்ஜின் மெதுவாகவே சுழலும். அதனாலும் அளவு குறையும்.

எனவே என்ஜினைச் சூடாக்கி, காயிலின் இணைப்பைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்து, நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டினார். மருமகன் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டான். முள் 132, 130, 134, 131 என்று நின்றது. இரவல் வாங்கிய வேறொரு கேஜும் அதையே காட்டியது. முப்பது பிஎஸ்ஐ, அளந்த முறையிலேயே தொலைந்திருந்தது! எனினும் போதாது, குறை இன்னும் இருந்தது.

அடுத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி என்ஜின் ஆயிலை ஊற்றி மீண்டும் பார்த்தார். ரிங்குகள் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியைச் சற்று நேரம் அடைத்துக்கொள்ளும். அளவு வெகுவாக உயரும். இங்கே ஐந்தாறு பிஎஸ்ஐதான் கூடியது. பழைய ரிங்குகள் என்ற குற்றச்சாட்டு அந்த ஒரு கரண்டி ஆயிலில் மறைந்தது. மருமகன் தலைகுனிந்தான். நாமும் குனிந்தோம்.

ஆயினும் அத்தம்பி அத்துடன் நிற்கவில்லை. விழுப்புரத்திலுள்ள தம் குருவிடமிருந்து இரண்டு கேஜ் பொருத்திய கருவியைக் கொண்டு வந்திருந்தார். பிஸ்டனை மேல் உச்சியில் நிறுத்தி, கம்ப்ரசர் காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனை இது. காற்று கார்புரேட்டர் வழியே சீறினால் இன்டேக் வால்வு சரியாக உட்காரவில்லை; சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு; ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங்; ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கட். நாமும் காதை வைத்துக் கேட்டோம். ஆயில் வாயில் மெல்லிய மூச்சுப் போன்ற ஓசை மட்டுமே இருந்தது. கசிவு பத்து சதவீத அளவில்தான். ஓடிப் பழகாத புது ரிங்குகளுக்கு அது இயல்பு என்றார்.

ஓர் ஐயம் எழுந்தது. காற்று கசியவில்லை, அப்படியானால் அழுத்தம் ஏன் குறைய வேண்டும்? அத்தம்பி வெகுநேரம் பேசாமல் நின்றார். பின் மெல்லச் சொன்னார்: “ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் குறை. அடுத்தடுத்த இரண்டு குறைந்தால் நடுவிலுள்ள கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். நான்கும் ஒரே அளவில் குறைந்தால், நான்குக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும்.”

டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றினார். கிராங்கைக் குறியில் நிறுத்தினார். மேலேயுள்ள கேம் புல்லியின் குறி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரே ஒரு பல் பின்தங்கி நின்றது. அதனால் இன்டேக் வால்வு தாமதமாக மூடியது. மேலேறும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது வால்வுகள் மூடியே இருந்ததால், கசிவுச் சோதனையில் இது அகப்படவில்லை.

இதைக் கண்டது அவர் ஒருவர்தான். எங்கள் இருவருக்கும் அந்தக் குறி எதுவென்றே தெரியாது. பேசாமல் பெல்ட்டைச் சரிசெய்துவிட்டு, “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று சொல்லியிருக்கலாம். அவரோ நம்மை அருகழைத்து, விரலை வைத்துக் காட்டி, “பாய், இந்தத் தப்பு என்னுடையது. பெல்ட் மாட்டிய பிறகு இரண்டு சுற்றுச் சுற்றிக் குறியைத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை” என்றார்.

அந்த நொடியில் நமக்குத் தெளிவானது இதுதான்: பிழை வேறு, மோசடி வேறு. பிழை மனித இயல்பு, ஒப்புக்கொண்டால் திருத்திவிடலாம். மோசடி என்பது நம்பிக்கையைத் தெரிந்தே முறிப்பது. முள் காட்டிய குறைவிலிருந்து ஓர் இளைஞனின் நாணயத்தின் மேல் நாம் தீர்ப்பெழுதினோம். அவர் அமானிதத்தைக் காத்திருக்க, அவருடைய மானம் என்னும் அமானிதத்தை நாம் திண்ணையில் இறைத்துவிட்டோம்.

பெல்ட் சரியானபின் முள் 158, 156, 160, 157 காட்டியது. மருமகன் 180ஐ எதிர்பார்த்திருந்தான். வேகத்திற்கென்று வெட்டிய கேம் ஷாஃப்ட், இன்டேக் வால்வை வேண்டுமென்றே சற்றுத் தாமதமாகத்தான் மூடும் என்று அத்தம்பி விளக்கினார். ஸ்டார்ட்டரின் மெதுவான சுழற்சியில் அதனால் அளவு குறைந்து தெரியும். என்ஜின் விரைந்து சுழலும்போது, பாய்ந்து வரும் காற்று தன் வேகத்தாலேயே சிலிண்டரை நிறைத்துவிடும். ஆகவே சாதாரண என்ஜினின் அளவை இதற்கு அளவுகோலாக வைக்கக் கூடாது. ரிங்குகள் பழகியபின் இன்னும் சிறிது கூடலாம் என்றார்.

அன்றே இருபதாயிரமும் கொடுக்கப்பட்டது. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்னும் நபிமொழியை அறிந்திருந்தும் நிறுத்தி வைக்கச் சொன்னவர் நாம். அதன்பின் மஃரிப் தொழுததும், அதே திண்ணையில், அதே மனிதர்களிடம், “அன்று நாம் சொன்னது தவறு; விசாரியாமல் பேசிவிட்டோம்” என்று அறிவித்தோம். தனிமையில் வருந்துவது எளிதாக இருந்தது. பலர் நடுவே சொல்லும்போது நா தடுமாறியது. திரும்பிப் போன இரு வண்டிக்காரர்களின் வீடுகளுக்கும் நேரில் சென்றோம். ஒருவர் மீண்டும் அந்த ஷெட்டிற்கு வந்தார். மற்றவர் இன்றளவும் வரவில்லை. அந்த இழப்புக்கு நாமே பொறுப்பு.

வண்டியைச் செப்பனிட்டு அளவு குறைந்திருந்தால், அன்பர்களே, முதலில் அளந்த முறையைக் கேளுங்கள். வேலை செய்தவரின் எதிரில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். ஆயில் சோதனையும் கசிவுச் சோதனையும் முடியும்வரை எவர் பெயரையும் உச்சரிக்காதீர்கள். கடையில், குடும்பத்தில், ஜமாஅத்தில் எழும் வழக்குகளுக்கும் இம்முறையே பொருந்தும் என்பது நம் எண்ணம்.

இப்போது அந்த எஸ்டீம், ரிங்குகள் பழகுவதற்காகத் திருவண்ணாமலை சாலையில், கோட்டை மதில்களின் ஊடே நிதானமாகச் சென்று வருகிறது. தோழர்கள் இருவரும் அதில் ஒன்றாகவே போகிறார்கள்.

கேட்டதையெல்லாம் பேசிவிடும் நாவிலிருந்தும், விசாரியாமல் தீர்ப்பளிக்கும் உள்ளத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.