முகத்துக்கும் லென்சுக்கும் இடையே

கொங்கு நாட்டு வீடுகளில் முன்கூடத்துச் சுவரில் மாட்டப்படும் முதியவரின் படம் மூன்று தலைமுறைக்கு நிற்கும். கொள்ளுப் பேரர்களுக்கு அவர் முகம் என்பது அந்தப் படமே. ஆயினும், அவர் மறைந்த பின்னர்க் கைப்பேசியில் கிடைத்த ஒரு தற்படத்தைப் பெரிதாக்கி மாட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. மாட்டிய பிறகே, "அப்பாரு இப்படியா இருந்தாரு?" என்ற ஐயம் எழுகிறது. மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கிய அம்முகம் அவருடையதுதான். ஆனால் அவ்வளவு நெருங்கி நின்று அவரை எவரும் பார்த்ததில்லை.

கணக்கு எளியது. மூக்கு நுனியிலிருந்து காது ஏறத்தாழ 12 செ.மீ. பின்னால் உள்ளது எனக் கொள்ளலாம். மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் கைப்பேசி இருந்தால் காதுக்கு அது 42 செ.மீ.; ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு மிகையாகப் பதிகிறது. 2 மீட்டர் தள்ளிப்போனால் அம்மிகை 6 விழுக்காடாகச் சுருங்கும். முக அமைப்பைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று, நிற்கும் தொலைவே. தள்ளி நின்றும் முகம் படம் நிறைய வருவதற்குத்தான் 85, 105, 135 மி.மீ. குவியத் தொலைவுள்ள குறுந்தொலை லென்ஸ்கள் பயன்படுகின்றன.

உருவப்படத்துக்கென்றே கணக்கிட்டு ஒரு லென்ஸை 1840இல் வடிவமைத்தவர், வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால். 1985 ஜூனில் நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் வந்த ஆப்கானியச் சிறுமியின் படத்தை ஸ்டீவ் மெக்கரி 105 மி.மீ. லென்ஸால் எடுத்தார்.

இம்மூன்றில் எது சிறந்தது என்பதற்குப் பல்லடத்தின் விசைத்தறிக் கூடமே விடை சொல்லும். தலைமுதல் மார்புவரை பதிய 85 மி.மீ. லென்சுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் போதும், 135க்கு 2.4 மீட்டர் வேண்டும். தறிகளுக்கு இடையே அவ்வளவு பின்வாங்க இடமிராது. இடம் இருந்தாலும், "ஐயா, சித்த இங்க பாருங்க" என்ற சொல் தறியோசையைத் தாண்டிச் சென்று சேராது. அங்கே 85தான் ஏற்றது. அதே பெரியவர் மாலையில் தோட்டத்து வேப்பமர நிழலில் அமர்ந்திருக்கும்போது 135 வெல்லும். கருவி தள்ளி நிற்பதால் அவர் கூச்சம் தணியும். பின்னுள்ள தென்னைகளும் மங்கி ஒதுங்கும். 105 இரண்டுக்கும் இடைப்பட்டது. இரண்டு இடத்திலும் ஓரளவே உதவும்.

ஒன்றுதான் வாங்க முடியும் எனில் 85 நன்று. ஆனால் அதன் துளையை எஃப் 1.8 அளவுக்குத் திறந்துவைத்தால், 1.5 மீட்டரில் தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே, கண் தெளியும், பாட்டியின் காதுத் தோடு கரைந்துவிடும். எஃப் 4 எனச் சுருக்கினால் அவ்வாழம் 7 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். சிறிய உணரி கொண்ட கருவியில் விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸே ஏறத்தாழ 75 மி.மீ. செய்யும் பணியைச் செய்யும். கைப்பேசி மட்டுமே உள்ளவரும் 2 மீட்டர் பின்னால் நின்று எடுத்து, பின்னர் முகத்தை மட்டும் வெட்டியெடுக்கலாம்; நுண்மை சற்றுக் குறைந்தாலும் மூக்கும் காதும் தத்தம் அளவுக்குத் திரும்பியிருக்கும்.