பல மரம் கண்ட தச்சர்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்பது நம் முன்னோர் வழக்கு. கல்வி உலகில் இவ்வழக்கு ஏறத்தாழச் சட்டமாகவே ஆகிவிட்டது. ஒரு துறையில் பேர் பெற்றவர் அதன் வேலியைத் தாண்டினால், 'இவருக்கு இங்கென்ன வேலை?' என்று கேட்கின்றனர். அக்கேள்வி என் செவியில் விழும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்பவர் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் (1925-2011).

1979 முதல் 1992 வரை ஆக்ஸ்ஃபோர்டில் தருக்கவியல் பேராசிரியராக விளங்கியவர் அவர். ஜெர்மானிய அறிஞர் ஃபிரேகேயின் மொழித் தத்துவம் பற்றி 1973-இல் அவர் வெளியிட்ட பெருநூல், அத்துறையினர் இன்றும் புறக்கணிக்க இயலாத ஒன்று. அதனோடு அவர் நின்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

1980-இல் சீட்டாட்டத்தின் வரலாறு ஒன்றை எழுதினார். குறி சொல்லப் பயன்படும் 'டாரட்' சீட்டுகள் பண்டை எகிப்தின் மறைஞானம் என்று பலர் நம்பியிருக்க, அவை 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் விளையாட்டுக்காகத் தோன்றியவை என்றும், குறி சொல்லும் கதை 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கட்டப்பட்டது என்றும் சான்றுகளோடு நிறுவினார். இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் கிடைத்த மம்லூக் காலச் சீட்டுகளையும் ஆராய்ந்து, அரபு அறிஞர் ஒருவரோடு சேர்ந்து கட்டுரை வரைந்தார்.

1984-இல் வாக்களிப்பு முறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஊர்ச் சங்கம் ஒன்றில் ஒன்பது பேர் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். நால்வர் ஒருவரையும், மூவர் மற்றொருவரையும், இருவர் இன்னொருவரையும் விரும்புகின்றனர். நான்கு வாக்குப் பெற்றவரே வென்றவர் ஆகிறார். ஆனால் எஞ்சிய ஐவரும் அவரையே கடைசியாக வைத்திருந்தால்? பெரும்பாலோர் வேண்டாத ஒருவர் பெரும்பான்மையின் பெயரால் அமர்ந்துவிடுகிறார் அன்றோ! எண்ணும் முறை மாறினால் முடிவும் மாறும் என்பதை அவர் கணித நுட்பத்தோடு ஆராய்ந்தார்.

எனினும், இவற்றினும் மேலாக என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. ஃபிரேகே நூல் தாமதமானதற்கு அதன் முன்னுரையில் அவர் சொல்லும் காரணம் நிறவெறி எதிர்ப்புப் பணி. பிரிட்டனில் குடியேறிய ஆசிய, கறுப்பின மக்களுக்காக 1960-களில் சில ஆண்டுகள் எழுதுகோலை ஒதுக்கி வைத்தார். 1967-இல் குடியேறியோர் நலனுக்கெனக் கூட்டமைப்பு உருவாகத் துணை நின்றார். 1979-இல் ஆசியர் மிகுந்து வாழும் சவுத்தாலில் நிகழ்ந்த கலவரம் பற்றிய, அரசு சாராத விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

அதே முன்னுரையில் இன்னொரு வேதனையும் பதிவாகியுள்ளது. எவருடைய சிந்தனையை விளக்குவதில் ஆண்டுகள் பல செலவிட்டாரோ, அந்த ஃபிரேகேயின் நாட்குறிப்பில் யூதர் மீதான வெறுப்பைக் கண்டு அதிர்ந்தார். அதை மறைத்து எழுதுவது எளிது. அவரோ வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக ஃபிரேகேயின் தருக்கத்தைத் தள்ளிவிடவும் இல்லை.

சீட்டு, வாக்கு, தருக்கம், குடியேற்றம் ஆகிய இவற்றுக்குள் என்ன உறவு என்று பலநாள் சிந்தித்துள்ளேன். வழிவழியாக நம்பப்படுவதைச் சான்று கேட்டு நிறுத்தும் துணிவே அவற்றை இணைக்கிறது என்பது என் எண்ணம். மரங்கள் பலவாயினும் இத்தச்சர் கையிலிருந்த உளி ஒன்றே. அவ்வுளியைத் தம் ஆசானின் பக்கம் திருப்பவும் அவர் தயங்கவில்லை.