முறையீடு எழுதக் கற்றோம்

இக்கல்லூரியில் பட்டம் பெற்று, மேற்படிப்பின் பொருட்டு 2022 செப்டம்பரில் யாம் இலண்டன் சேர்ந்தபோது, அங்கே வீட்டுக்காரரைக் காண்பதே அரிது என்பதை அறிந்தோம். நம் ஊர்த் தரகர் வீட்டைக் காட்டித் தரகுப்பணம் பெற்று விலகிவிடுவார். அங்கோ ‘லெட்டிங் ஏஜென்சி’ என்னும் வாடகை முகமையே வீட்டைக் காட்டும், ஒப்பந்தம் எழுதும், பல வீடுகளுக்கு மாத வாடகையையும் தானே வசூலிக்கும்.

கிழக்கு இலண்டனில் மாதம் 1,200 பவுன் வாடகைக்கு ஒரு சிறு வீட்டைத் தோழர் இருவருடன் பார்த்தோம். பிறருக்குக் கொடாமல் நிறுத்திவைக்க 500 பவுன் முன்பணம் கேட்டனர், கொடுத்தோம். கல்விக் கடனில் எஞ்சியிருந்த எம் கையிருப்பில் பெரும்பகுதி அது. ஆறாம் நாள், வீட்டுக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்றனர். பணமோ ‘அலுவலகச் செலவுக்குக் கழிந்தது’ என்றனர். நாள்தோறும் தொலைபேசினோம், நாளுக்கொருவர் விடை கூறினர். வந்த நாட்டில் வழக்காடுவது தகுமோ என்னும் தயக்கம் வேறு. தயக்கம் என்பதினும் அச்சம் என்பதே பொருந்தும்.

பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசகரான முதிய அம்மையார் எம் கதையை முழுதும் கேட்கவில்லை. ஒரு தாளில் 1,200ஐ 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தார்: 276 பவுன் 92 பென்சு. “இதற்குமேல் அவர்கள் வாங்கியதே தவறு” என்றார். இங்கிலாந்தின் 2019ஆம் ஆண்டு வாடகையாளர் கட்டணச் சட்டப்படி இம்முன்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டலாகாது. வீட்டுக்காரர் பின்வாங்கினால் 7 நாள்களுக்குள் திருப்பித் தரவேண்டும். அலுவலகச் செலவென்று எதுவும் பிடிக்கலாகாது.

“இனித் தொலைபேசாதீர்கள், எழுதுங்கள்” என்றார். முதலில் முகமைக்கே எழுத்தில் முறையிட வேண்டும். 8 வாரங்களில் தீராவிடின் குறைதீர் அமைப்பிடம் செல்லலாம், வாடகையாளருக்குக் கட்டணமில்லை. 2014 அக்டோபர் முதல் அத்தகைய அமைப்பொன்றில் ஒவ்வொரு முகமையும் உறுப்பாதல் கட்டாயம். எந்த அமைப்பு என்பதை அலுவலகத்தில் பலர் காண வைக்கவும் வேண்டும். யாம் பன்முறை காத்துநின்ற இடத்திற்கு நேர்மேலேதான் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது! சட்டத்திற்கு மாறான கட்டணத்தைப் பற்றி உள்ளாட்சி மன்றத்தின் வணிகத் தரப் பிரிவிடமும் முறையிடலாம் என்றார்.

மூன்று இரவுகள் எழுதினோம். தமிழ் கற்றோர்க்குச் சினம் வந்தால் அடைமொழிக்குப் பஞ்சமா? ஆங்கிலத்திலும் அவை வந்து குவிந்தன. அம்மையார் அவற்றையெல்லாம் அடித்துவிட்டு நாள், தொகை, பற்றுச்சீட்டு எண் ஆகியவற்றை மட்டும் விட்டுவைத்தார். எட்டாம் வாரம் முடியும் தேதியைக் கடைசி வரியாகத் தம் கையாலேயே சேர்த்தார். நான்கு பக்கம் ஒரு பக்கமாயிற்று.

ஏழாம் வாரம் 500 பவுனும் எம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல்லும் உடன் வரவில்லை.

அக்கடிதத்தின் படியை வைத்திருந்தோம். மறு ஆண்டு இக்கல்லூரியிலிருந்து வந்த இளவல் ஒருவர் அதே நிலையில் எம்மைத் தேடி வந்தார். பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக்கொண்டார்.