சலேத் மாதாவின் மலைக்கு

பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். சென்ற ஆண்டு ஐப்பசியில், அடைமழை தொடங்கிய இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நாங்கள் மூவர் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவன் எங்கள் பங்கின் இளைஞன் ஒருவன். முன் இருக்கையில் நான். பின்னால், மடியில் ஒரு துணிப்பையை அணைத்தபடி, 72 வயதுப் பெரியவர். அவருடைய பேத்தி கொடைக்கானலில் ஒரு கன்னியர் மடத்தில் நவகன்னியர் பயிற்சியை முடித்து, மறுநாள் தன் முதல் வார்த்தைப்பாட்டைக் கொடுக்க இருந்தாள். அவளுக்கு உறவென்று சொல்லிக்கொள்ள இந்தத் தாத்தா ஒருவர்தாம் உண்டு.

பெரியவர் பிறப்பால் பனித்திட்டுக்காரர், கடலோடி. ஆனால் 2004ஆம் ஆண்டிற்குப் பிறகு ஊரைவிட்டுப் பாகூர்ப் பக்கம் வந்து குடியேறிவிட்டார். இங்கிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். இருந்தும் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் கரைக்குப் போனதில்லை என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் வலையை அவர் விடவில்லை. கிழிந்த வலைகளை மூட்டையாகக் கட்டி, மீனவர்கள் அவர் வீட்டிற்கே கொண்டுவந்து போடுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் நூலை மாட்டி இழுத்து, கண் கண்ணாகச் சேர்த்துக் கொடுக்கிறார். கடலைப் பார்க்க மாட்டார். வலையையும் விட மாட்டார்.

அவரைப் பற்றி என் மனத்தை உறுத்திய செய்தி வேறொன்று. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவார். கடைசி வரிசைக்கும் பின்னால், வாசற்படியருகே நிற்பார். நற்கருணை வழங்கும் நேரம் வந்ததும் மெல்ல வெளியே போய்விடுவார். பங்குப் பொறுப்பேற்ற புதிதில் ஒருநாள் காரணம் கேட்டேன். "இருக்கட்டும் சாமி" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. குருக்களாகிய எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதில் கிடைக்காத கேள்வியை, மரியாதை என்ற பெயரில், மூடி வைத்துவிடுவோம்.

பாகூர் ஏரிக்கரையைக் கடந்தபோது மழை இருட்டில் ஏரி தெரியவில்லை; தவளைகளின் ஓசை மட்டும் கேட்டது. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் நீர் அதை நிரப்புகிறது. புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. மடுகரை, விழுப்புரம் என்று போய் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். திருச்சியில் காலை உணவு. திண்டுக்கல்லைத் தாண்டியதும் மேற்கே பழனி மலைத்தொடர் கருமேகமாய் எழுந்து நின்றது. எது மலை, எது மேகம் என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பெரியவர்தாம், "அதோ அந்தக் கோடு வரைக்கும் மலை சாமி, அதுக்கு மேலதான் மழை" என்றார். வானத்தைப் பார்த்துப் பிழைத்த கண்கள்.

வத்தலக்குண்டில் தேநீர் அருந்திவிட்டு மலை ஏறத் தொடங்கினோம். கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வண்டிகளுக்கு உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்ததல்லவா, அதை இளைஞன் முன்னரே தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தான். அந்த நாளில் இந்தச் சாலையும் கிடையாது, பாஸும் கிடையாது. 1845இல் மதுரையிலிருந்து அமெரிக்க மறைப்பணியாளர்கள் முதன்முதலாக இம்மலையில் வீடு கட்டிக் குடியேறியபோது, பெரியகுளத்தருகிலுள்ள அடிவாரத்திலிருந்து குதிரை மீதும், கூலியாட்கள் சுமந்த நாற்காலிகளிலுமே மேலே போனார்கள். ஒருவர் உடலின் நலத்திற்காக இன்னொருவர் தோள் கன்றிப்போன காலம் அது. எங்கள் சேசுசபைத் தந்தையரும் பின்னர் அவ்வழியேதான் போனார்கள். அதை வரலாறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

வளைவுக்கு வளைவு மழை வலுத்தது. வறண்ட மாதங்களில் வெறும் பாறையாய்க் கிடக்கும் இடங்களிலெல்லாம் வெள்ளை நூல்களாக அருவிகள் தொங்கின. டம்டம் பாறையருகே வண்டியை நிறுத்தினோம். முதலில் மஞ்சு ஒன்றுதான். பக்கத்தில் நின்றவரின் முகம்கூடத் தெளிவாக இல்லை. பின் திரை விலகியதுபோல் அது ஒதுங்க, எதிர் மலையில் எலிவால் அருவி என்று மக்கள் அழைக்கும் தலையாறு அருவி தோன்றிற்று. 297 மீட்டர் உயரம். தமிழகத்தின் மிக உயர்ந்த அருவிகளுள் ஒன்று. கீழே ஆழத்தில் மஞ்சளாறு அணையின் நீர், காடு சூழ, ஈயத்தகடாய்க் கிடந்தது. பெரியவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடி வழியே சற்று நேரம் பார்த்துவிட்டு, "அலை இல்லாத தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

பெருமாள்மலைக்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. மேலேயிருந்து மண் சரிந்து, பெரிய சீகை மரம் ஒன்று வேரோடு சாலையின் குறுக்கே விழுந்திருந்தது. இந்தச் சீகையும் யூகலிப்டஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. இம்மலைக்கே உரிய சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளாகக் கசிய விடுபவை. அந்த இடத்தில் வந்தேறிய மரங்கள் பரவிவிட்டன. சாலைப் பணியாளர்கள் அறுவைக் கருவியும் ஜே.சி.பி. இயந்திரமும் வரவழைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டு மணி நேரமாவது ஆகும். மூன்று மணிக்கே எழுந்த இளைஞன் சக்கரத்தின் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான்.

மழை வண்டியின் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பெரியவர் துணிப்பையைத் திறந்து ஒரு பழைய சிவப்புப் பட்டுச் சட்டையை எடுத்தார். நான்கு வயதுக் குழந்தையின் சட்டை. "அன்னிக்கு இதைத்தான் போட்டிருந்தா சாமி. நாளைக்கு அவகிட்ட காட்டலாம்னு."

எந்த நாள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். திருவழிபாட்டு நாள்காட்டிப்படி திருக்குடும்ப விழா. அப்போது நான் இதே பங்கில் உதவிப் பங்குத்தந்தை. குருப்பட்டம் பெற்று ஐந்தாண்டுகள்கூட நிறையவில்லை. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரையைத் தொட்டது. அந்நேரம் நான் பீடத்தில் நின்று, நாசரேத்துக் குடும்பத்தின் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பெரியவர் பேத்தியோடு அந்தக் கோயிலில் இருந்தார்.

"என் பொண்ணும் கிளம்பித்தான் நின்னா. மீன் வர்ற நேரம், நீ கரையில இரு, குழந்தையை நான் கூட்டிப் போறேன்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "அதுக்கு நான் சாமியைக் கோவிச்சுக்கலை. கடல் வரும்னு எவனுக்குத் தெரியும்? ஆனா முப்பதாம் நாள் பூசையில நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஆண்டவர் தன் தோட்டத்துல நல்ல பூவாப் பார்த்துப் பறிச்சுக்கிட்டாருன்னு."

சொல்லியிருப்பேன். அந்த மறையுரை எனக்கு நினைவில் இல்லை. ஆனால் அந்த உவமையை நினைவிருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் எத்தனை கல்லறைகளின் முன்னால், எத்தனை தாய்மாரின் முகத்திற்கு நேரே அதைச் சொன்னேனோ, கணக்கில்லை. யாரோ சொல்லக் கேட்டு, அழகாயிருக்கிறதென்று மனத்தில் வாங்கி வைத்தது.

"பூப் பறிக்கிறவன் வேரோடயா பிடுங்குவான், சாமி?"

அன்பு வாசகர்களே, குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இறையியல் படித்தவன் நான். தீமையின் சிக்கல் பற்றித் தேர்வெழுதித் தேறியவன். 1755ஆம் ஆண்டு புனிதர் அனைவர் பெருவிழாவன்று, மக்கள் கோயில்களில் கூடியிருந்த வேளையில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் கடல் எழுச்சியாலும் அழிந்ததையும், அதன் மேல் வோல்தேர் எழுப்பிய வினாக்களையும் எங்களுக்கு விரிவாகவே கற்பித்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவரே மறுத்துரைத்ததையும் படித்தேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள், ஏழு இரவு அவரோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள், பேசத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார். அதைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு தகப்பன் என்முன் நின்றபோது என் வாயில் வந்தது அந்தப் பூந்தோட்டம்தான். கடவுளைக் காப்பாற்றுவதாக எண்ணி, அவரைக் கொலைகாரராக்கிக் காட்டியிருக்கிறேன். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

"தப்பு ஐயா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இந்தச் சொற்களை எத்தனையோ பேரிடம் கேட்டவன், சொல்லும்போது அவை இவ்வளவு கனமானவை என்று அன்றுதான் அறிந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். முன்னால் இயந்திரம் உறுமும் ஓசை கேட்டது.

வழி திறந்து மேலேறியபோது பொழுது சாய்ந்துவிட்டது. செண்பகனூரை நெருங்குமுன் வெள்ளி அருவி சாலையோரத்திலேயே பேரிரைச்சலோடு கொட்டிக்கொண்டிருந்தது. கொடைக்கானல் ஏரியின் மிகைநீர்தான் 55 மீட்டர் உயரத்திலிருந்து இப்படி விழுகிறது என்று சொன்னேன். அந்த ஏரி இயற்கையானதல்ல. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு என்பவர் 1863இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டியதால் உண்டானது. இதைக் கேட்டதும் பெரியவர் முதன்முறையாக வண்டியைவிட்டு இறங்கினார். நனைந்துகொண்டே அருவியை அண்ணாந்து பார்த்தார். "அப்போ இது ஏரியோட கலங்கல்" என்றார். பிறகு, "கலங்கல் வெக்காத ஏரி கரையை உடைச்சிடும் சாமி" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, வார்த்தைப்பாட்டுத் திருப்பலிக்கு முன், அவரைச் சலேத் மாதா ஆலயத்திற்கு அழைத்துப் போனேன். 1860களில் சேசுசபைத் தந்தை லூயி சேன்சீர் எழுப்பிய ஆலயம். மழைக்கு நடுவே கிடைத்த சிறு இடைவெளியில், ஈரக் கூரைக்குப் பின்னால் மலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில், மாடு மேய்த்த இரு சிறுவர்க்கு மாதா காட்சி தந்த கதையைச் சொன்னேன். முகத்தைக் கைகளில் புதைத்து, உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த மாதா. பயிர் அழுகுவதைப் பற்றியும் பஞ்சத்தைப் பற்றியும் பேசினாள். உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னபோது அவள் சொன்ன பிரெஞ்சுச் சொல் அந்த மலைப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவர்கள் திகைப்பதைக் கண்டு, தன் பேச்சை அவர்களுடைய கொச்சை மொழிக்கே மாற்றிக்கொண்டாளாம். உருளை விளையும் இந்த மலைக்கு வேறு எந்த மாதா பொருந்துவாள்!

பெரியவர் கேட்டது ஒன்றே: "மாதா அழுதாங்களா?"

"அழுதாள்."

அவர் சிறிது நேரம் சுரூபத்தின் முன் நின்றார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருப்பலியில் பேத்தி தெளிவான குரலில் தன் வார்த்தைப்பாட்டை வாசித்தாள். 24 வயது. தாயின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளைப் பார்த்தே ஊகிக்கலாம். நற்கருணை நேரத்தில் பாத்திரத்தோடு கீழிறங்கி நின்றேன். வரிசை நகர்ந்தது. கடைசி ஆள் வந்து போன பிறகும் ஒரு கணம் கூடுதலாகவே நின்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் வரவில்லை. ஆனால் வெளியேயும் போகவில்லை. கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தார். விருந்தின்போது அந்தச் சிவப்புச் சட்டையைப் பேத்தியின் கையில் கொடுத்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பேரிஜம் ஏரியையும் பார்க்க வேண்டும் என்பது இளைஞனின் ஆசை. காட்டுக்குள் இருக்கும் அந்த ஏரிதான் கீழே பெரியகுளத்திற்குக் குடிநீர் தருகிறது. வனத்துறை அனுமதியின்றிப் போக இயலாது. மழையில் அது கூடிவரவில்லை. பிற்பகலில் இறங்கிவிட்டோம்.

திரும்பும் வழியில் பெரியவர் பெரும்பாலும் உறங்கினார். நள்ளிரவைத் தாண்டிப் பாகூரை அடைந்து, அவர் வீட்டுத் தெருவில் வண்டி திரும்பியபோது, "இங்க வேணாம் தம்பி. கரைக்குப் போ" என்றார். இளைஞன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

பனித்திட்டில் மழை விட்டிருந்தது. படகுகள் மேட்டில் ஏற்றப்பட்டுக் கிடந்தன. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இருட்டில் நுரையின் வெண்மை மட்டும் வந்து வந்து போயிற்று. பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் நடந்தார். பழக்கத்தால் என் கை பைக்குள்ளிருந்த செபப் புத்தகத்தைத் தேடியது. அதை அவர் எப்படி உணர்ந்தாரோ, திரும்பிப் பாராமலே சொன்னார்:

"செபம் வேணாம் சாமி. சும்மா கூட நில்லுங்க."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். முதல் அலை வந்து எங்கள் இருவர் காலையும் நனைத்துவிட்டுத் திரும்பிற்று.