கைக்கு எட்டும் தூரம்



இவ்வாரச் சிந்தனையை ஒரு கணினி விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் நேரத்தைச் செலவழிப்பதைப் பிரசங்க பீடத்திலிருந்து நான் எத்தனை முறை கண்டித்திருக்கிறேன் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகையால் இது உங்களுக்கு வியப்பாக இருக்கும். எனக்கும் வியப்புதான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆயர் இல்லத்துக்குத் திரும்பியபோது, முன்னறையில் இரண்டு சிறுவர்கள் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தார்கள். ஒருவன் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன். மற்றவன் ஒடிசாவிலிருந்து வந்து, நம் ஆலயத்தில் கடைசி இருக்கையில் அமரும் குடும்பத்தின் மூத்த பிள்ளை. என் மகனுக்கு ஒடியா தெரியாது. அவனுக்குத் தமிழில் பத்துச் சொற்கள் தெரிந்தால் அதிகம். ஆனாலும் இருவரும் மாறி மாறித் திரையைச் சுட்டிக்காட்டி, தலையசைத்து, தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுநாளில் விளையாட்டா என்று கண்டிக்க வாயெடுத்த நான், ஏனோ அமைதியாகப் பின்னால் நின்று பார்த்தேன்.

அந்த விளையாட்டின் பெயர் மெஷினேரியம். செக் குடியரசைச் சேர்ந்த அமானிட்டா டிசைன் என்ற சிறு குழுவினர், யாக்கூப் த்வோர்ஸ்கி என்பவரின் தலைமையில் உருவாக்கி, 2009 அக்டோபர் 16 அன்று வெளியிட்டது. அதில் துப்பாக்கி இல்லை, ஓட்டப் பந்தயம் இல்லை. கையால் வரைந்த துருப்பிடித்த நகரம் ஒன்று. அதில் ஒரு சின்னஞ்சிறு இயந்திர மனிதன். ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கான சில குறிப்புகளைத் தவிர, கதை முழுவதிலும் ஒரு சொல் கூடப் பேசப்படுவதில்லை, எழுதிக் காட்டப்படுவதும் இல்லை. இயந்திர மனிதர்கள் தங்கள் துயரத்தையும் நினைவையும் தலைக்கு மேலே எழும் குமிழுக்குள் அசையும் சித்திரங்களாகக் காட்டுகிறார்கள். ஆடுகிறவர் அந்தச் சித்திரத்தை உற்றுப் பார்த்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுகொள்ள வேண்டும். 1987-இல் வந்த ‘பேசும் படம்’ என்ற திரைப்படம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வசனமே இல்லாத அந்தப் படம் எந்த மாநிலத்தாருக்கும் புரிந்தது. அதைப் போன்றதே இதுவும்.

அந்தச் சிறிய இயந்திர மனிதனின் பெயர் யோசேப்பு; அவர்கள் நாட்டு உச்சரிப்பில் யோசெப். செக் நாட்டு ஓவியரும் எழுத்தாளருமான யோசெப் சாப்பெக்கின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அவருடைய சகோதரர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தின் வழியாகவே ‘ரோபோ’ என்ற சொல் உலகுக்கு வந்தது. அந்தச் சொல்லைத் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தவர் இந்த யோசெப்தான். அது கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் சங்கொலிக்கு எழுந்து, முறை மாற்றி வேலைக்குப் போகும் நமக்கு இந்தச் சொல் வரலாறு அந்நியமானதல்ல.

கதையின் தொடக்கத்தில் யோசெப் நகரத்துக்கு வெளியே, குப்பைமேட்டில், உடல் சிதறிக் கிடக்கிறான். தன் உறுப்புகளைத் தானே தேடிச் சேர்த்துக்கொண்டு எழுந்து, சிறைப்பட்டிருக்கும் தன் தோழியை மீட்க நகரத்துக்குள் போகிறான். வழியில் தெருவிசைக் கலைஞர்களின் பழுதான கருவிகளைச் சரிசெய்கிறான். சில இடங்களில் இன்னொருவருடைய தேவை நிறைவேறும்போதுதான் வழி திறக்கிறது.

நான் நின்று பார்த்தபோது என் மகன் உயரத்திலிருந்த ஒரு பொருளை மீண்டும் மீண்டும் சுட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அருகிலிருந்த சிறுவன் மெதுவாக அவன் கையை விலக்கி, யோசெப்பை அந்த இடத்துக்கே நடத்திச் சென்று, அவன் உடலை மேலே நீளச் செய்தான். அப்போது பொருள் கைக்கு வந்தது. இந்த விளையாட்டின் விதி அதுவே. திரையில் எதைக் கண்டாலும், யோசெப்பின் கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அதைத் தொட முடியும். தொலைவில் நின்று கண்டதனால் ஒன்றும் ஆகாது.

பிரியமானவர்களே, அந்த இடத்தில் என் மனசாட்சி குத்துண்டது. அதன் காரணத்தை உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

அந்தச் சிறுவனின் தகப்பனார் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வலது கையில் மூன்று விரல்களை இழந்தார். அச்செய்தி எனக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஆலயத்தில் அவருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தேன். வாசலில் அவர் மனைவியைக் கண்டபோதெல்லாம் ‘ஸ்தோத்திரம் அம்மா’ என்று கைகூப்பினேன். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. “எனக்கு அவர்கள் மொழி தெரியாது, போய் என்ன பேசுவேன்? யாராவது மொழிபெயர்க்க வரட்டும்” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் குடியிருப்பது ரயில் பாதைக்கு அப்பால், நடந்தால் பத்து நிமிடம்.

இந்தச் சாக்கு எவ்வளவு பொய்யானது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. 2024 அக்டோபர் 11 இரவை நம் ஊரில் யார் மறக்க முடியும்? மைசூருவிலிருந்து தர்பங்காவுக்குச் சென்றுகொண்டிருந்த பாக்மதி விரைவு ரயில், நம் நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதிப் பெட்டிகள் தடம்புரண்டன. தேவகிருபையால் ஒருவரும் உயிரிழக்கவில்லை, பலர் காயமடைந்தார்கள். இருட்டில் இறங்கி நின்ற பயணிகளில் பலருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு இந்தி தெரியாது. ஆயினும் அன்று யார் மொழிபெயர்ப்பாளரைத் தேடினோம்? தண்ணீரை நீட்டினோம். குழந்தையை வாங்கிக்கொண்டோம். பெட்டியைத் தலையில் வைத்துச் சாலைவரை கொண்டுவந்தோம். நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் கையை நான் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த இரவில் மொழி எனக்குத் தடையாயிருக்கவில்லை. இப்போது மட்டும் தடையானது ஏன்? அன்று ஊரே ஓடியது; நானும் ஓடினேன். இன்று நான் தனியாகப் போக வேண்டியிருந்தது. உண்மை அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, கொஞ்சம் பழங்களோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் எழுந்து நின்றார். அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குச் சொல் இல்லை. ஆகையால் நான் முதலில் பாயில் அமர்ந்தேன், அவரும் அமர்ந்தார். அவர் மனைவி பாலில்லாத் தேநீர் கொடுத்தார்கள். சற்றுநேரம் மூவரும் சும்மா இருந்தோம். பிறகு அவர் எழுந்து, பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இடக்கையால் கோணல்மாணலாகப் படம் வரைந்தார். ஒரு கட்டடம், ஒரு மனிதன், அவன் கையில் ஒரு காகிதம். அந்த மனிதனின் தலைக்கு மேலே ஒரு பெரிய கேள்விக்குறி. வரைந்து முடித்து என் முகத்தைப் பார்த்தார். தலையணைக்கு அடியிலிருந்து அவர் மனைவி மடித்து வைத்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்கள்.

ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிட்ட அலுவலகக் கடிதம் அது. காயத்தின் அளவை மதிப்பிட்டு உதவித்தொகை முடிவு செய்வதற்காக, குறிப்பிட்ட நாளில் நேரில் வருமாறு அழைத்திருந்தது. அந்த நாள் முந்தின வெள்ளிக்கிழமையே கடந்துபோயிருந்தது.

ஒரு வாரம் முன்னதாக நான் போயிருந்தால் போதும். அந்தக் கடிதத்தை வாசிக்க ஒடியா தேவையில்லை. எனக்குத் தெரிந்த தமிழே போதுமாயிருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது என் கையில் இருந்தது. என் கைதான் எட்டும் தூரத்தில் இல்லை.

அன்று முதல் இரண்டு வேதபகுதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன். நீங்களும் இவ்வாரம் வாசியுங்கள். ஒன்று, லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியனின் உவமை. அந்தச் சமாரியன் வாய்திறந்து பேசியதாக நமக்குச் சொல்லப்படுவது எல்லாம் சத்திரக்காரனிடம் மட்டுமே. குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அவன் பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. கிட்ட வந்தான், காயம் கட்டினான், தூக்கி ஏற்றினான். ஆசாரியனும் லேவியனும் வேதம் அறிந்தவர்கள், சொற்களில் குறைவுபடாதவர்கள். ஆனால் அவர்கள் கண்டும் மறுபக்கமாய்ப் போனார்கள். காண்பதற்கும் கிட்டச் சேர்வதற்கும் இடையே ஒரு சாலையின் அகலம்தான் இருந்தது.

மற்றொன்று, மாற்கு 7-ஆம் அதிகாரத்தின் முடிவு. காதுகேளாத மனிதன் ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். ஒரு வார்த்தையால் தூரத்திலிருந்தே குணமாக்க வல்லவர் அவர். ஆயினும் அவனைத் தனியே அழைத்துச் சென்று, அவன் காதுகளில் விரலை வைத்து, அவன் நாவைத் தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். கேட்க முடியாத அந்த மனிதனுக்குப் புரியும் மொழியில், சைகையில், முதலில் அவனோடு பேசுகிறார். அதன்பிறகே வாயின் சொல் வருகிறது.

சொற்கள் வேண்டாம் என்று நான் போதிக்கவில்லை. அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொற்கள்தான் உதவின. ஆனால் பாயில் அமராதவனுக்கு அந்தக் கடிதம் நீட்டப்படுவதில்லை.

நம் சபையில், தொழிற்சாலை அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் மறுநாளே அவரை அழைத்துக்கொண்டு போனார். வேறு நாள் குறித்துத் தருமாறு மனு கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. அதற்காக ஜெபியுங்கள். ஜெபிப்பதோடு நின்றுவிடாதீர்கள் என்பதை, அப்படி நின்றுவிட்டவனாகிய நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ரயில் நிலையப் பலகையில் ஊரின் பெயர் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து இங்கே இறங்கியவர்கள் பலர் நம் தெருக்களில் குடியிருக்கிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்வாசலுக்கு விரைய வேண்டாம். கடைசி இருக்கைவரை நடந்து போங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேச வேண்டாம், அருகில் உட்காருங்கள். அவர்கள் காட்டுவதைப் பாருங்கள்.

என் மகனும் அந்தச் சிறுவனும் விளையாட்டை இன்னும் முடிக்கவில்லை. ஞாயிறு பிற்பகலில் ஒரு மணிநேரம் அனுமதித்திருக்கிறேன். சில வேளைகளில் நானும் பக்கத்தில் அமர்கிறேன்.

ஜெபம்: எங்களைத் தேடி அருகில் வந்த ஆண்டவரே, தூரத்தில் நின்று நாங்கள் செய்த ஜெபங்களை மன்னியும். எங்கள் கைகள் எட்டும் இடத்துக்கு எங்கள் கால்களை நடத்தியருளும். ஆமென்.

உங்கள் ஆயர்,
கவரைப்பேட்டை